புகார் நோட்டில் ஐந்து காரணங்கள்

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும், மரியாதை கூடிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவர்கள்தான். ஆனால் அவர் ஒரு வார்த்தையிலேயே இரண்டு 'ங்க' போட்டார் என்றால் எதிரே நிற்கிறவருக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "அப்பிடிங்களாங்க? சரிங்க." இதை அவர் வாயிலிருந்து நான்கைந்து பேர் வாங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடைசியில் நானும் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவை கணபதியில் ஒரு மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கடை இருந்தது. கம்ப்யூட்டர் விற்பனை, பழுதுபார்ப்பு. பெட்டிகளைப் பிரித்து, உதிரிகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டரைப் பூட்டுவது என் வேலை. பூட்டியதில் மென்பொருள் ஏற்றி, வாங்கியவர்கள் இடத்துக்குப் போய் ஓட்டிக் காட்டிவிட்டு வருவது அவர் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் வேறு ஒருவர் பேசுவதுபோல் இருக்கும். சிரிப்பெல்லாம் அந்த மொழியில்தான் வரும்.

கடைக்குப் போன் செய்து, பெண் குரலைக் கேட்டதும், "ஆம்பளைங்க யாராச்சும் இருந்தாக் குடும்மா" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். "இருக்காருங்க, சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு, கீழே போய் வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் கையில் போனைக் கொடுத்துவிடுவார். வாட்ச்மேனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, காதும் மந்தம். ஐந்து நிமிடம் அந்தக் கூத்து நடக்கும். இவர் அந்தப் பக்கம் திரும்பாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் குடியிருந்த வீட்டுக்குப் பின்புறம் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே பற்றவைக்கத் தொடங்கினால் இவர் வீட்டில் விளக்கு மங்கும். ஒருநாள் போய்ச் சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "உங்கூட்டு பல்பை மாத்துங்க அம்மணி" என்றாராம். இவர் நிஜமாகவே பல்பை மாற்றினார். பிறகு ஒரு மீட்டரை வாங்கிவந்து சுவரில் மாட்டி, மின் அழுத்தம் எப்போதெல்லாம் விழுகிறது என்று நாற்பது நாள் குறித்தார். குறித்ததைக் கொண்டுபோய் மின்வாரியத்தில் கொடுத்தார். வந்து பார்த்தார்கள்; பட்டறை ஓடியது வீட்டு இணைப்பில். புது இணைப்பு வாங்கும்வரை பட்டறை மூடிக் கிடந்தது. அந்த நாட்களிலும் அவர் அந்த மனிதரைத் தெருவில் பார்த்தால் நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவாராம்.

"எதுக்குங்க இத்தனை வஞ்சம்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

டிபன் டப்பாவை மூடியபடி சொன்னார்: "வஞ்சமில்லீங்க. அவரு பல்பை மாத்தச் சொன்னாரு, மாத்துனேன். சரியாகல. அதனால லைனை மாத்தச் சொன்னேன்."

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஏதாவது பிழைச் செய்தி வந்தால் எழுத்துக்கு எழுத்து அதில் எழுதிக்கொள்வார். நாங்கள் 'டிஸ்க் தகராறு' என்று இரண்டு வார்த்தையில் எழுதிவைத்தால் அவருக்குப் பிடிக்காது. "மிஷின் சொன்னதை அப்பிடியே எழுதோணுமுங்க. நமக்குப் புரிஞ்சதை எழுதுனா, நாளைக்கு நம்ம தப்பும் அதுக்குள்ள சேந்து உக்காந்துக்கும்."

வைரஸ் பயம் ஊரெல்லாம் பரவியிருந்த சமயம் அது. காலையில் திறந்தால் டிஸ்கில் ஒன்றும் இல்லை என்று வாரத்துக்கு இரண்டு பேர் படியேறி வருவார்கள். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸ் ஏற்றக் கற்றுக்கொண்டவர் எங்கள் கடையில் அவர் ஒருவர்தான். வைரஸ் அண்டாது என்று சிலருக்குப் போட்டும் கொடுத்தார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் கேட்டார்கள், விட்டுவிட்டார்.

அப்படிப் போட்டு வாங்கிக்கொண்ட ஒருவர் காங்கேயம் பக்கத்துப் பண்ணைக்காரர். அறுபது வயதுக்கு மேல். மாடுகளைத் தவிர வேறு பேச்சே இல்லாத மனிதர். எந்தப் பசுவுக்கு எந்தக் காளை, அந்தக் கன்று எந்த ஊரில் யார் கட்டுத்தறிக்குப் போனது, அதன் கன்று எது என்று சுற்றுவட்டார மாடுகளின் வம்சம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி வந்ததை ஒரு குமாஸ்தா இரண்டு வருஷம் உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டரில் அடித்திருந்தார். அதையெல்லாம் புதிதாக எங்களிடம் வாங்கியதற்கு மாற்றிக் கொடுத்தவர் இவர். பழையதை நாங்கள் எடுத்துக்கொண்டு, டிஸ்கில் இருந்ததை அழித்து, வேறு யாருக்கோ விற்றுவிட்டோம்.

இங்கே நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து தகவல் உள்ளே போக அன்றைக்கு இரண்டு வழி. பழைய வழியில் ப்ராசஸர் ஒவ்வொரு துணுக்காகக் கையில் வாங்கி வைக்கவேண்டும். அதுவரை மற்ற வேலையெல்லாம் காத்துக் கிடக்கும். டிஎம்ஏ என்ற மற்ற வழியில் ப்ராசஸரைத் தொடாமல் நேராகப் போய்விடும். அந்த வருஷம் வந்த டிஸ்குகள் இந்த இரண்டாவது வழியில் முன்னெப்போதையும்விட வேகமாக ஓடக்கூடியவை. ஆனால் அந்த வேகத்துக்கு எண்பது கம்பி ஓடும் புதுப் பட்டைக் கேபிள் வேண்டும். பழைய கேபிளில் நாற்பதுதான். இரண்டும் ஒரே துளையில்தான் மாட்டும்; தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒன்று.

புது மதர்போர்டோடு பெட்டியில் புதுக் கேபிள் வரும். முதலாளி அதை எடுத்துத் தனியாக விற்பதற்கு வைத்துக்கொண்டு, பழைய கேபிளை மாட்டச் சொல்வார். மாட்டியவன் நான். மாட்டினால் போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் 'புதுசு இவ்வளவுதானா' என்று கேட்பார்கள். அதனால் முழு வேகத்தைக் கட்டாயமாகத் திணித்துவிடச் சொல்வார். திணித்தவனும் நான்தான். மென்பொருள் ஏற்றுகிற அவருக்கு இது தெரியாது. அவர் கைக்குப் போகும்போது மேல்மூடி பூட்டியிருக்கும்.

நான்கு மாதத்தில் காங்கேயத்து கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. பண்ணைக்காரர் காரின் பின் இருக்கையில் ஒரு வேட்டியால் சுற்றிக் கொண்டுவந்தார். டிஸ்கிலிருந்து வரும் தகவல் வழியில் கெட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, அது அடிக்கடி உறைந்து நின்றிருக்கிறது. உறையும்போதெல்லாம் அங்கே சுவிட்சை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். கடைசியாக அணைத்தபோது உள்ளே எழுதிக்கொண்டிருந்தது அரைகுறையாக நின்று, ஃபைல்கள் சிதறிவிட்டன. எழுதி வந்த தாள்களை, ஏற்றியாகிவிட்டது என்று குமாஸ்தா எப்போதோ எரித்துவிட்டிருந்தார்.

முதலாளி அவரைக் கூப்பிட்டார். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, இதுல என்ன போட்டீங்க?"

"லினக்ஸுங்க."

"ஊரெல்லாம் ஒண்ணு போட்டா நீங்க ஒண்ணு போடறீங்க. பெரியவரோட ரெண்டு வருச வேலையப் பாழாக்கிப்போட்டீங்களே!"

அவர் கம்ப்யூட்டரை ஓட்டி, திரையில் வரிவரியாக விழுந்த செய்தியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் திருகாணி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இதைப் பூட்டுனது நீங்கதானுங்களே? பொட்டியில வந்ததுல எதாச்சும் மாத்துனீங்களா?"

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எனக்கு முதல் வேலை கொடுத்த மனிதர். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கேட்காமலே வந்து பார்த்தவர்.

"இல்லீங்க. எல்லாம் வந்தபடியேதானுங்க" என்றேன்.

"அப்பிடிங்களாங்க?" என்றார். "சரிங்க."

பண்ணைக்காரர் சத்தம் போட்டிருந்தால் தேவலாம். அவர் வேட்டியை மடித்துக்கொண்டே, "உடுங்க அம்மணி. போனது போச்சு" என்று மட்டும் சொன்னார். கம்ப்யூட்டரைத் திரும்பக் காரில் ஏற்றுவதற்கு முன் இவர் அந்தச் செய்தியை நோட்டில் எழுதிக்கொண்டார். நின்றபடியே எழுதினார்; பத்து நிமிடம் ஆனது. "நாளையில இருந்து நீங்க வரவேண்டாமுங்க" என்று முதலாளி சொன்னதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான். எழுதுவதை நிறுத்தாமல் தலையை ஆட்டினார்.

மூன்று மாதம் கழித்து உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. தனியார் பாலிடெக்னிக் ஒன்றின் ஆய்வகத்துக்கு எட்டு கம்ப்யூட்டர்கள். ஆய்வகப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது. கடையில் எல்லோரும் சிரித்தோம். "வெளிய அனுப்புன எடத்துலயே வந்து வாங்குது பாருங்க, ரோசமில்லாத புள்ளை" என்றார் முதலாளி. ஆர்டரின் கடைசி வரியில், போர்டுப் பெட்டியில் உள்ள எல்லாப் பொருளும் மாற்றமில்லாமல் பொருத்தப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்றிருந்தது. முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் படித்தேன். படித்துவிட்டு எட்டிலும் பழைய கேபிளை மாட்டினேன்.

இரண்டு வாரத்தில் புகார் வந்தது; முதலாளி என்னை அனுப்பினார்.

உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி வழியாக உடுமலைக்குப் போய்ச் சேர முற்பகல் ஆகிவிட்டது. அவர் வாசல்வரை வந்து, "வாங்க, வாங்க. பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்று கேட்டார். மோர் கொடுத்தார். பிறகு அவரே லினக்ஸ் ஏற்றியிருந்த மூன்றாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். காங்கேயத்து டிஸ்க் சொன்ன அதே வரிகள்: டிஎம்ஏ வழியில் பிழை, வந்த தகவல் கணக்குக்குச் சரியாக இல்லை, மறுபடி முயல்கிறேன், மறுபடி பிழை.

"என்னங்க காரணம்?"

"லினக்ஸுங்க. விண்டோஸ் போட்டா வராதுங்க."

ஒரு நீள நோட்டை எடுத்தார். ஆய்வகத்துப் புகார் நோட்டு. "உங்க கையாலயே எழுதிப்போடுங்க. தேதி போட்டுக் கையெழுத்தும் போடுங்க." போட்டேன். வாங்கிப் படித்துவிட்டு, "வேற ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"சரிங்க. பாத்துப் போங்க."

அடுத்த முறை போனபோது ஒரு கம்ப்யூட்டரில் தற்காலிகமாக விண்டோஸ் போட்டு வைத்திருந்தார். அது பிழைச் செய்தி எதுவும் காட்டவில்லை. பாதி வேலையில் அப்படியே விறைத்து நின்றது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று எழுதி, வேறு டிஸ்க் மாட்டிவிட்டு வந்தேன். புது டிஸ்கும் அதையே சொன்னது. மூன்றாவது முறை, கட்டடத்தில் எர்த் சரியில்லை என்று எழுதினேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்துச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று அவரிடமும் கையெழுத்து வாங்கி என் கையெழுத்துக்குக் கீழேயே ஒட்டியிருந்தார். நான்காவது முறை போர்டு தயாரித்த கம்பெனி மேல் பழி போட்டேன். ஒவ்வொரு முறையும் மோர், ஒவ்வொரு முறையும், "வேற ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?"

எனக்கு அவர் மேல் வெறுப்பு ஊறத் தொடங்கியது. ஆய்வகத்து மாணவர்கள் என்னைக் கண்டதும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பஸ் கண்டக்டருக்கே முகம் பழகிவிட்டது. அவருக்குக் காரணம் தெரியாது என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. தெரிந்துகொண்டே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு பொய்யாக எழுதி வாங்குகிறார் என்பது இரண்டாவது பயணத்திலேயே புரிந்துவிட்டது. ஒருமுறை திரும்பி வரும்போது, பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் இறங்கி நின்று, அந்த நோட்டைத் திருடி எரித்தால் என்ன என்றுகூட யோசித்தேன்.

ஐந்தாவது முறை ஒரு தந்திரத்தோடு போனேன். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் டிஎம்ஏ வழியை அடைத்துவிடலாம். டிஸ்க் பழைய மெதுவான வழியில் ஓடும். எட்டிலும் அடைத்தேன். பிழைச் செய்தி நின்றுவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"பாருங்க, ஒரு வரி வரலீங்க."

அவர் ஒரு பெரிய ஃபைலைப் பிரதி எடுக்கப் போட்டார். திரையில் அம்புக்குறி விக்கி விக்கி நகர்ந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது வந்து விழுவதற்குள் அடுத்ததைத் தட்டிவிடலாம்.

"ஓடுதுங்க" என்றார். "நொண்டி நொண்டி ஓடுது. அப்பிடியே எழுதிப்போடுங்க."

வேகத்தைக் குறைத்தால் சரியாகிறது என்று எழுதினேன். எழுதும்போதே தெரிந்தது, வேகம்தான் சிக்கல் என்றால் அந்த ஒரு வரி மற்ற நான்கையும் பொய்யாக்குகிறது என்று. அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பேனாவைத் தூக்கினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாச்சும் சொல்லோணுமுங்களாங்க?"

இந்த முறை இரண்டு 'ங்க'.

ஆறாவது பயணத்துக்கு முதலாளியே காரை எடுத்தார். எட்டையும் திருப்பி அனுப்பப்போவதாகவும், மற்ற கல்லூரிகளுக்கும் எழுதப்போவதாகவும் பாலிடெக்னிக் முதல்வரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. வழியெல்லாம் என்னிடம், "எதாயிருந்தாலும் லினக்ஸுன்னே சொல்லு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆய்வகத்தில் முதல்வர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், துண்டை மடியில் மடித்துப் போட்டுக்கொண்டு, காங்கேயத்துப் பண்ணைக்காரர். முதலாளி வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார்.

அவர் எங்களுக்கு நாற்காலி போட்டார். மோரும் வந்தது. பிறகு புகார் நோட்டை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க எழுதுனதுதானுங்க. சத்தமாப் படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

படித்தேன். லினக்ஸ். டிஸ்க். எர்த். போர்டு கம்பெனி. வேகம். என் கையெழுத்து, என் கையெழுத்து, என் கையெழுத்து. மூன்றாவதில் நிறுத்தி நோட்டைக் கீழே வைக்கப் போனேன். அவர் காத்திருந்தார், முடிக்கும்வரை விடவில்லை.

"இந்த அஞ்சுல எது நெசமுங்க?"

"லினக்ஸுதானுங்க காரணம்" என்றார் முதலாளி.

"உங்களக் கேக்கலீங்க" என்றார் அவர், அவ்வளவு மெதுவாக. என்னிடம் திரும்பினார். "காங்கேயத்து மிஷினையும் நீங்கதான் பூட்டுனீங்க. பொட்டியில வந்ததுல எதாச்சும் மாத்துனீங்களாங்க?"

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டுமே இருந்தது. மாட்டுக்கு என்ன நோய் என்று வைத்தியரைக் கேட்கிறவர் முகம்.

"மாத்துனனுங்க" என்றேன். "புதுக் கேபிளை எடுத்துப்போட்டுப் பழசை மாட்டுனேன். வேகத்தையும் நான்தான் ஏத்தி வெச்சேன். உங்குளுதுலயும் அப்பிடித்தானுங்க. இந்த எட்டுலயும் அப்பிடித்தானுங்க."

"யாரு சொல்லிங்க?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

முதலாளி எழுந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். முதல்வர், முதலாளி கையெழுத்துப் போட்ட ஆர்டர் தாளை மேஜையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு முதலாளி வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

பண்ணைக்காரர் எழுந்து அவர் முன்னால் கைகூப்பி நின்றார். "அம்மணி, அன்னைக்கு நான் உங்குளுக்காக ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டனுங்க."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"ஆமாங்க" என்றார். "கேக்கலீங்க."

எல்லோரும் போனபின் தன் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே எட்டுப் புதுக் கேபிள்கள், உறை பிரிக்காமல். தூசி படிந்திருந்தது, வாங்கி வெகு நாள் ஆகியிருக்கவேண்டும்.

"மாத்துங்க" என்றார்.

ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினேன். அடைத்து வைத்திருந்த டிஎம்ஏ வழியைத் திறந்துவிட்டேன். பெரிய ஃபைலைப் பிரதி எடுக்கப் போட்டோம். எட்டுத் திரைகளிலும் ஒரு வரிகூட வரவில்லை. அம்புக்குறி எண்ணெய் விட்டதுபோல ஓடியது. எனக்கு வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

"மொத நாளே உங்குளுக்குத் தெரியும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "கேபிள் இங்கயே வெச்சிருக்கீங்க. எதுக்குங்க என்னை இத்தனை தடவை இழுத்தடிச்சீங்க?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டனேங்க. வேற ஏதாச்சும் சொல்லோணுமான்னு." இழுப்பறையை மூடினார். "மொத நாளே நீங்க சொல்லியிருந்தா, எங்க ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போயிருப்பீங்க. உங்க வேலையும் இருந்திருக்கும். நோட்டுல ஒண்ணும் இருந்திருக்காதுங்க."

"அப்ப முதலாளி?"

"அவரு கணக்கை நான் தனியாத்தானுங்க வெச்சிருந்தேன்."

அது உண்மைதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு ஐந்து முறை வாசலைத் திறந்து காட்டினாரா, இல்லை ஐந்து முறையும் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கினாரா? சில நாள் முதலாவது என்று தோன்றும்; சில நாள் இரண்டாவது.

பண்ணைக்காரருக்குச் சொந்தபந்தம் பெரிது. எண்ணெய் மில், அரிசி மில், பள்ளிக்கூடம் என்று கம்ப்யூட்டர் வாங்குகிற இடமெல்லாம் அவருக்குப் பங்காளியோ மாமன் மச்சானோ இருந்தார்கள். அவர் யாரையும் தேடிப்போய்ச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் மேல்மாடியின் பெயர்ப்பலகை இறங்கிவிட்டது. அதற்கு முன்னால் முதலாளி உடுமலைக்குப் போய் அவரைப் பார்த்திருக்கிறார். பெரியவர் வாயை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவர் உட்காரவைத்து, மோர் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு நெசத்தைத்தானுங்க சொல்றாரு. அதை நான் எப்பிடிங்க நிறுத்தச் சொல்றது?" என்றாராம். இதை இவரே என்னிடம் சொன்னார், ஒரு சமையல் குறிப்பைச் சொல்வதுபோல. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவின் கட்டிலோரம் முதலாளி ஆரஞ்சுப் பையோடு நின்றது ஞாபகம் வந்தபோது அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

என்னையும் அவர் அத்துடன் விடவில்லை. காங்கேயத்து டிஸ்கை வாங்கிவைத்து, சிதறிக் கிடந்ததைப் பொறுக்கிப் பொறுக்கிப் பாதிக்கு மேல் மீட்டிருந்தார். "மிச்சத்தை நீங்கதானுங்க ஏத்தோணும்" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் காங்கேயத்துக்குப் பஸ் ஏறினேன். பண்ணைக்காரர் தன் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஊர் ஊராக அழைத்துப்போனார். இந்த மயிலைப் பசுவுக்கு அம்மா எது, அந்தக் கறுப்புக் காரியின் கன்று யார் வீட்டுக்குப் போனது என்று கட்டுத்தறி கட்டுத்தறியாகக் கேட்டோம். சிலர் ஞாபகம் வைத்திருந்தார்கள். சிலர் செத்துப்போயிருந்தார்கள், அவர்களோடு அந்த மாட்டின் கதையும் போயிருந்தது. அங்கெல்லாம் 'தெரியவில்லை' என்று அடித்தேன். அந்த வார்த்தையை அடிக்கும்போதெல்லாம் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். புகார் நோட்டை உரக்கப் படித்ததைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முடிவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. கடைசி ஞாயிறு அவரும் வந்தார். பகல் முழுக்க உட்கார்ந்து சரிபார்த்தார். மூன்று குறுந்தகடுகளில் பிரதி எடுத்து, ஒன்றைப் பெரியவரிடம், ஒன்றை என்னிடம் கொடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டார். நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் காங்கேயம் பஸ் நிலையத்தில் இருவரும் நின்றோம். அவருக்குத் தாராபுரம் வழி. எனக்குப் பல்லடம் வழி. கொப்பரை மூட்டைகளோடு ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க" என்றார். "என்ற மேல கோவமா இருக்கீங்களா?"

ஒரு வருஷத்துக்கு முன்பென்றால் இல்லீங்க என்றுதான் என் வாயில் வந்திருக்கும்.

"ஆமாங்க" என்றேன். "ரொம்பக் கோவமா இருக்கேன். நான் செஞ்சது தப்புத்தான். ஆனா நீங்க என்னை அந்த நோட்டைப் படிக்கவெச்சது மனசை உட்டுப் போகலீங்க. போகும்னும் தோணலீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அம்மாவோடு தெலுங்கில் பேசும்போது மட்டுமே நான் பார்த்திருந்த ஒரு தளர்வு முகத்தில் வந்தது. மன்னிப்புக் கேட்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

"கோவத்தை வெச்சுக்குங்க" என்றார். "அது உங்குளுதுதானுங்க."

தாராபுரம் பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்ந்தார். பஸ் கிளம்பியபோது கையசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை.